நோவா காலத்து வெள்ளம்: தண்ணீர்க் கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி இது: "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் மச்சானோடு இதே வாக்குவாதம். நோவா காலத்து வெள்ளம் எழுத்துக்கு எழுத்து நடந்தது என்கிறார். எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் புதைபடிவம் கிடைத்திருக்கிறதே, எல்லா நாட்டிலும் வெள்ளக் கதை இருக்கிறதே, 2015-ல் சென்னையே மூழ்கவில்லையா என்று கேட்கிறார். அறிவியல்படி அது நடந்திருக்க முடியுமா?"

முடியாது. பூமி முழுவதையும் மூடிய வெள்ளம் மனிதன் வாழ்ந்த எந்தக் காலத்திலும் வரவில்லை. ஆனால் கதைக்குப் பின்னால் நிஜ வெள்ளமே கிடையாது என்று சொன்னால் அதுவும் தப்பு. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் மச்சானோடு பேச முடியும்.

முதலில் வேதத்தில், அதாவது பைபிளில், உள்ளது என்ன என்று பார்த்துவிடலாம். நோவா கட்டிய கப்பலான பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. பூக்காரம்மா கைக்குக் கை முழம் மாறுகிற மாதிரி பழைய எபிரேய முழத்திலும் கூடக்குறைய உண்டு. 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் பேழை 135 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம், 13.5 மீட்டர் உயரம். மழை 40 நாள். "வானத்தின்கீழ் எங்குமுள்ள" உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டு, அவற்றுக்கும் மேலே 15 முழம் தண்ணீர். இரண்டாம் மாதம் 17-ம் தேதி தொடங்கி, மறு வருடம் இரண்டாம் மாதம் 27-ம் தேதி நிலம் காய்கிறது. மொத்தம் ஒரு வருடமும் பத்து நாளும்.

எபிரேயத்தில் பூமிக்கு வரும் 'எரெட்ஸ்' என்ற சொல்லுக்கு நாடு, நிலம் என்றும் பொருள் உண்டு. நம் ஊரில் "ரெண்டு ஏக்கர் பூமி வாங்கினான்" என்று சொல்வதில்லையா, அப்படி. அதனால் இது ஒரு வட்டார வெள்ளம்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சொல்லை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் எல்லா மலைகளும் மூழ்கின, மூச்சுள்ள எல்லாம் செத்தன என்று எழுதியவர் ஒரு மாவட்டத்தை மனதில் வைத்து எழுதவில்லை. வட்டார வெள்ளமென்றால் கப்பல் கட்டுவானேன்? நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். மச்சான் இந்த விஷயத்தில் வேதத்தை நேர்மையாகத்தான் படிக்கிறார்.

இனி தண்ணீர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் மூழ்கும்வரை நிரப்ப, நிலம் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தது போக, சுமார் 440 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர் கூடுதலாக வேண்டும். இன்று எல்லாக் கடலிலும் சேர்த்து இருப்பதே சுமார் 133 கோடி. இருக்கிற கடலைப் போல இன்னும் மூன்று மடங்குக்கு மேல் எங்கிருந்தோ வந்து, ஒரு வருடத்தில் எங்கேயோ போக வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவில் 3,645 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 0.1 கன கிலோமீட்டர். அப்படியானால் நாலாயிரம் கோடிச் செம்பரம்பாக்கங்களுக்கு மேல்.

வானத்தில் அவ்வளவு தண்ணீர் இல்லை. காற்றிலுள்ள நீராவி மொத்தமும் ஒரே நேரத்தில் மழையாக விழுந்தால் பூமி முழுக்க இரண்டரை சென்டிமீட்டர் நிற்கும், அவ்வளவுதான். அண்டார்டிகா, கிரீன்லாந்து பனி முழுவதும் உருகினாலும் கடல் உயர்வது 70 மீட்டருக்குள். பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர். உலகத்துப் பனியெல்லாம் கரைந்தாலும் பரங்கிமலை மாதா கோயில் வாசற்படி நனையாது.

2015-ஐப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதற்கே அடையாறு என்ன செய்தது என்று ஊரே பார்த்தது. எவரெஸ்டை 40 நாளில் மூழ்கடிக்க ஒரு நாளைக்கு 221 மீட்டர், மணிக்கு 9 மீட்டருக்கு மேல், பூமியின் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உயர வேண்டும். தாம்பரம் மழையைப் போல 450 மடங்கு.

பெரும்பாலானோர் கவனிக்காத சங்கடம் ஒன்று இதில் இருக்கிறது: சூடு. நீராவி மழையாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிலோ நீராவிக்கு சுமார் 22.6 லட்சம் ஜூல். அந்த 8.8 கிலோமீட்டர் தண்ணீரும் மழையாகவே வந்திருந்தால், 40 நாளும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சூரியன் தருவதைப் போல நாலாயிரம் மடங்கு வெப்பம் இறங்கியிருக்கும். மழை நூற்றில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் ஊற்று என்று இறங்கி வந்தாலும் நாற்பது சூரியன். பேழைக்குள் இருந்தவர்கள் வெந்தே போயிருப்பார்கள்.

அந்த நூற்றில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முன்பு வானத்தில் நீராவிக் கூரையாகத் தொங்கவிட்டிருந்தார் கடவுள் என்று ஒரு வாதம் வெகுநாள் ஓடியது. பத்து மீட்டர் தண்ணீர் என்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 88 மீட்டர் தண்ணீரைத் தலைக்கு மேலே நீராவியாக வைத்தால் அழுத்தம் ஒன்பது மடங்கு கூடும். அந்த அழுத்தத்தில் அது நீராவியாகவே இருக்க 175 டிகிரி வெப்பம் தேவை. வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது 120 டிகிரியில். வேதத்தின் படைப்புக் கதையே அறிவியல் என்று வாதிடும் படைப்புவாதிகளிலேயே பலர் இந்தக் கூரையைக் கைவிட்டுவிட்டார்கள்.

அடுத்தது ஊற்று. "மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள்" பிளந்தன, "வானத்தின் மதகுகளும்" திறவுண்டன என்பது வேத வாக்கியம். 2014-ல் பிரேசில் வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தில் தண்ணீர் கண்டுபிடித்தார்கள். "பூமிக்கு அடியில் பெருங்கடல்" என்று செய்தி வந்ததும் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அது குடத்துத் தண்ணீர் மாதிரி கிடப்பதல்ல. 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில், 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறையின் படிகத்துக்குள் வேதிப் பிணைப்பாக உள்ளது. செங்கலைப் பிழிந்தால் தண்ணீர் வருமா?

மச்சான் விவரமானவராக இருந்தால் இங்கே வேறொன்று சொல்வார்: "அப்போது எவரெஸ்டே கிடையாது. மலைகள் தாழ்வாக இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகுதான் மலை எழும்பியது, கடல் தாழ்ந்தது." இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான். பூமியை மொழுமொழுவென்று சமப்படுத்தினால் இப்போதுள்ள கடல் நீரே எல்லா இடத்திலும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நிற்கும். ஆகவே தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடுகிறது. கண்டத்தட்டுகள் அந்த ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடின என்பார்கள். இந்தியத் தட்டு இன்று ஓடுவது வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில்.

மறுபடியும் சூட்டில்தான் இடிக்கும். தட்டுகள் விலகும் இடத்தில் 1,200 டிகிரி எரிமலைக் குழம்பு மேலே வந்து உறைந்து புதுக் கடல்தரை ஆகிறது. அதன் தடிமன் சுமார் 7 கிலோமீட்டர். இன்றைய கடல்தரை அனேகமாக எல்லாமே அப்படிப் பிறந்ததுதான். ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அந்த 7 கிலோமீட்டர் பாறை ஆறும்போது விடும் வெப்பம், மேலே நிற்கும் 3.7 கிலோமீட்டர் கடல்நீரை மூன்று முறைக்கு மேல் கொதிக்கவைத்து ஆவியாக்கப் போதும். இருபது கோடி வருடத்தில் மெல்ல ஆறினால் கடலுக்குத் தெரியாது. ஒரே வருடத்தில் என்றால் கடல் மிஞ்சாது. இந்த வெப்பச் சிக்கலுக்கு இயற்கை விதிக்குள் தீர்வு தங்களிடம் இல்லை என்று படைப்புவாத முகாமின் ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இனி எவரெஸ்ட் சிப்பி. உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல், அதில் டிரைலோபைட் போன்ற கடல் உயிரிகளின் துணுக்குகள் உண்டு, இரண்டும் உண்மை. கடல் மலைக்கு ஏறவில்லை, கடல்தரை மலையாக எழுந்தது. இதை எவரெஸ்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டாம், அரியலூர் பக்கம் போனால் போதும். காரையில் செம்மண் ஓடைகளுக்கு நடுவே அழிந்துபோன கடல் உயிரிகளான அம்மோனைட்டின் சுருள்களும், பென்சில் முனை மாதிரி பெலம்னைட் துண்டுகளும் கிடைக்கின்றன. பத்துக் கோடி வருடத்துக்கு முன்பு கடல் அங்கே உள்ளே வந்து நின்றது. டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலைக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் கட்டிய திட்டு அப்படியே தெரியும்.

இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். பவளத்திட்டு என்பது அடித்துக்கொண்டு வந்த குப்பை கிடையாது. ஒரு தலைமுறை பவளம் செத்து, அதன் எலும்பின்மேல் அடுத்த தலைமுறை உட்கார்ந்து, வெளிச்சம் படும் தெளிந்த நீரில் நிதானமாக வளர்வது. மேலே உள்ள அடுக்குகளில் புழுக்களும் நண்டினங்களும் குடைந்த வளைகள் உள்ளன. வெள்ளம் சேற்றைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சேற்றில் எந்த நண்டு குடியிருந்து வளை தோண்டும்? அம்மோனைட் கிடைக்கும் அடுக்கில் ஒரு திமிங்கில எலும்போ யானைப் பல்லோ மனிதன் செய்த பானை ஓடோ கலந்து கிடப்பதில்லை. எல்லாம் ஒரே வெள்ளத்தில் செத்திருந்தால் காசிமேட்டுக் கூடையில் மீன் குவிவது போலக் கலந்துதான் கிடந்திருக்கும். லியனார்டோ டா வின்சி 500 வருடத்துக்கு முன்பே தன் குறிப்பேட்டில் மடக்கினார்: கடலோரத்திலிருந்து மலைக்குள் இவ்வளவு தூரம் 40 நாளில் நகர, ஒரு நாளில் சில முழமே ஊரும் சிப்பியால் முடியுமா என்று.

சென்னைக்குப் பக்கத்திலேயே இன்னும் அழுத்தமான சாட்சி இருக்கிறது. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்தில் கல்லாயுதம் கண்டெடுத்த பிறகு அதே வருடம் போய்ச் சேர்ந்த இடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம், கொற்றலையாற்றுக்கு அருகே. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியது. கீழ் அடுக்குகளின் கைக்கோடரிகளுக்கு சுமார் 15 லட்சம் வருடம், மேலே புது நுட்பத்தில் செதுக்கிய கருவிகளுக்கு சுமார் 3,85,000 வருடம் என்று 2011-லும் 2018-லும் வெளியிட்டார்கள். அங்கே வெள்ளத்தின் தடயம் உண்டு: ஆறு கரைபுரண்டு நின்று வடிந்த நுண்களிமண் படிவு. அதாவது சாதாரண ஆற்று வெள்ளம் தன் முத்திரையைத் தெளிவாகப் பதித்திருக்கிறது. மலைகளை மூடிய வெள்ளம் மட்டும் ஒரு பிடி மண்ணும் போடாமல், ஒரு கல்லையும் புரட்டாமல் அதற்கு மேல் போயிருக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. 17-ம் நூற்றாண்டு அயர்லாந்துப் பேராயர் அஷர் வேதத்து வம்ச வரிசையைக் கூட்டி வெள்ளத்துக்குக் கொடுத்த வருடம் கி.மு. 2348. கீசாவின் பெரிய பிரமிடு அதற்குச் சுமார் 200 வருடம் முந்தையது. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கி.மு. 2600 முதல் 1900 வரை வாழ்க்கை தொடர்ந்து நடந்தது. நடுவில் எல்லோரும் செத்து, எட்டுப் பேரின் பிள்ளைகள் வந்து அதே எழுத்தை, அதே எடைக்கல்லைத் தொடர்ந்தார்களா? வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள வம்சக் கணக்கை எடுத்து வெள்ளத்தைச் சில நூறு வருடம் பின்னே தள்ளினாலும் பயனில்லை. ஜெர்மனியில் மர வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி 12,000 வருடத்துக்கு இடைவெளியில்லாத வரிசை கட்டியிருக்கிறார்கள். அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தண்டு எட்டு லட்சம் வருடத்துக்குப் போகிறது. பனி தண்ணீரில் மிதக்கும் என்பதையும் மறக்கக் கூடாது: அப்படியொரு வெள்ளம் வந்திருந்தால் அது பெயர்ந்து மிதந்து போயிருக்கும்.

பேழையைப் பற்றி இரண்டு வரி. 1909-ல் அமெரிக்காவில் கட்டிய 'வயோமிங்' மரக்கப்பலின் உடல் சுமார் 100 மீட்டர். இரும்புப் பட்டைகள் போட்டுக் கட்டியும், அலையில் முதுகு வளைந்து, பலகை இடுக்குகள் திறந்து, ஓயாமல் பம்பு வைத்து இறைக்க வேண்டியிருந்தது. 1924-ல் புயலில் மூழ்கியது. பலகை இடுக்குகளில் எவ்வளவு நன்றாகக் கலப்பத்து அடைத்தாலும் அந்த நீளத்துக்கு மரம் தாங்காது. உள்ளே இடம் போதுமா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். 'இனம்' என்பதை அகலமாக வைத்து ஏழாயிரம் உயிர்கள்தான் என்று படைப்புவாதிகள் கணக்குக் காட்டுவார்கள். எட்டுப் பேர் தினம் 16 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு விலங்குக்கு ஒரு நிமிடம் கிடைக்கும், தீனி, தண்ணீர், சாணி எல்லாம் சேர்த்து. ஒரு ஜோடி யானைக்கு மட்டும் அந்த ஒரு வருடத்துக்கு நூறு டன்னுக்கு மேல் தீவனம் வேண்டும்.

அதைவிட வலுவானது ரத்தத்தில் இருக்கிறது. சென்னையில் சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பார்களே, எச்.எல்.ஏ. என்று, அந்த மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரபணுவுக்கு ஒருவரிடம் இரண்டு வடிவங்கள்தான் இருக்க முடியும். பேழையில் நோவா, அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். மகன்களுக்கு வந்தது பெற்றோருடையதே. ஆக ஐந்து பேர், அதிகபட்சம் பத்து வடிவங்கள். எச்.எல்.ஏ.-பி மரபணு ஒன்றில் மட்டும் இன்று அறியப்பட்ட வடிவங்கள் ஆயிரக்கணக்கில். நாலாயிரத்துச் சொச்சம் வருடத்தில் பத்து, ஆயிரங்களாகப் பெருக வழியில்லை. ஜோடி ஜோடியாகத் தப்பிய எல்லா விலங்கினங்களிலும் ஒரே காலத்தில் மரபு வளம் சுருங்கிய தழும்பும் இருக்க வேண்டும். சிவிங்கிப்புலிகளுக்கு (சீட்டா) பழைய நெருக்கடி ஒன்றின் தழும்பு உண்டு, ஆனால் எல்லா இனத்துக்கும் பொதுவான ஒரே தேதி கிடையாது.

எல்லா நாட்டிலும் வெள்ளக் கதை இருக்கிறதே என்றால், ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் குடியிருந்தவர்களுக்கு வேறென்ன கதை இருக்கும்? தமிழில் கடல்கோள், கடல் வந்து நிலத்தைக் கொண்டது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மனுவின் கதையில் மீன் படகை இழுக்கிறது. இவை ஒன்றுக்கொன்று தேதியிலும் விவரத்திலும் ஒட்டுவதில்லை. உண்மையில் ஒட்டுகிற கதை ஒன்றுதான், அது நோவாவின் பக்கத்து வீட்டுக் கதை.

1872-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் களிமண் பலகை ஒன்றைப் படித்தபோது அது வெளியே வந்தது. பழைய பாபிலோனியக் கதையான கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை: தேவன் ஒருவன் எச்சரிக்கிறான், கப்பல் கட்டுகிறார்கள், விலங்குகளை ஏற்றுகிறார்கள், கப்பல் மலையில் தட்டி நிற்கிறது, புறாவும் தகைவிலானும் காகமும் பறக்க விடப்படுகின்றன, கடைசியில் பலியின் வாசனையைத் தேவர்கள் முகர்கிறார்கள். ஆதியாகமத்தில் நோவா பலியிட, சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்கிறார். இதே கதையின் இன்னும் பழைய வடிவமான அத்ரஹாசிஸ் பலகைகள் கி.மு. 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பேழைக்கு நோவா பூசும் 'கீல்' எபிரேயத்தில் 'கோஃபெர்'. பாபிலோனியக் கதையில் அதே பொருளுக்கு 'குப்ரு'. தார் நிறைய ஊறும் நாடு மெசொப்பொத்தேமியா, அதாவது இன்றைய ஈராக் பகுதி.

கில்காமேஷ் காவியத்தின் வெள்ள நாயகன் ஷுருப்பாக் ஊர்க்காரன். அந்த ஊரைத் தோண்டியபோது கி.மு. 2900 வாக்கில் ஆற்று வெள்ளம் போட்ட படிவு கிடைத்தது. 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள பழைய நகரில் தொல்லியலாளர் லியனார்டு வுல்லி 1929 வாக்கில் பத்தடிக்கு மேல் வண்டல் கண்டு அதுதான் நோவா வெள்ளம் என்றார். ஆனால் அது ஷுருப்பாக் படிவைவிடப் பல நூற்றாண்டு முந்தையது, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எரிதுவில் அது இல்லவே இல்லை. டைகிரிஸ், யூப்ரடீஸ் சமவெளியில் கிலோமீட்டருக்கு ஒரு சாண் சரிவுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட தரையில் தண்ணீர் வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பரவும், வடியாது. வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நின்று பார்த்தவனுக்கு உலகமே மூழ்கியதுதான்.

இந்தக் கதை வேதத்துக்குள் வந்தபோது இரண்டு கையால் வந்தது என்பது தமிழ் வேதாகமத்திலேயே தெரியும். ஆறாம் அதிகாரக் கடைசியில் பேசுவது "தேவன்", எல்லா உயிரிலும் ஒவ்வொரு ஜோடி என்கிறார். ஏழாம் அதிகாரத் தொடக்கத்தில் பேசுவது "கர்த்தர்", சுத்தமான மிருகங்களில் ஏழேழு என்கிறார். ஓரிடத்தில் 40 நாள், இன்னோரிடத்தில் 150 நாள். 7:16-ல் முதல் பாதியில் தேவன் கட்டளையிடுகிறார், இரண்டாம் பாதியில் கர்த்தர் கதவை அடைக்கிறார். ஏழேழு ஏன் என்பதற்கும் காரணம் உண்டு: அந்த வடிவத்தில் வெள்ளம் வடிந்ததும் பலி வருகிறது. ஒரே ஒரு ஜோடியை ஏற்றிவிட்டுப் பலியிட்டால் அந்த இனமே தீர்ந்துவிடுமே. இரண்டு பழைய வடிவங்களையும் விட மனமில்லாத ஒருவர் பக்குவமாகப் பின்னியிருக்கிறார்.

இதையெல்லாம் நாத்திகர்கள் கிளப்பிவிட்டது என்று மச்சான் சொன்னால், ஆடம் செட்ஜ்விக்கை நினைவுபடுத்துங்கள். ஆங்கிலிக்கன் குருவானவர், லண்டன் புவியியல் சங்கத் தலைவர். சரளைப் படிவுகள் எல்லாம் நோவா வெள்ளத்தின் எச்சம் என்று நம்பியவர், 1831-ல் சங்கக் கூட்டத்திலேயே அதைத் திரும்பப் பெற்றார். டார்வின் தன் கொள்கையை வெளியிட அப்போது இன்னும் 28 வருடம் இருந்தது.

கடவுள் தண்ணீரைப் படைத்தார், சூட்டை அணைத்தார், பிறகு தண்ணீரையும் தடயத்தையும் எடுத்துவிட்டார் என்று அவர் சொன்னால் அதை மறுக்க எந்தக் கணக்காலும் முடியாது. அது விசுவாசம், விட்டுவிடுங்கள். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு எவரெஸ்ட் சிப்பியை ஆதாரம் என்று நீட்டக் கூடாது. ஒன்று, தடயம் அழிந்திருக்க வேண்டும்; அல்லது அது இருக்க வேண்டும்.

பேழை தங்கியதாகச் சொல்லப்படும் அரராத் மலையில் அது கிடைத்துவிட்டது என்ற வாட்ஸ்அப் வீடியோ கட்டாயம் வரும். வேதம் சொல்வது "அரராத் மலைகள்", உராத்து என்ற பழைய நாட்டின் மலைப்பகுதி, ஒரே ஒரு சிகரமல்ல. பனி மூடிய உச்சியிலிருந்து ஒருவர் மரத்துண்டோடு நிற்கிற படம் என்றால் அது பிரெஞ்சுக்காரர் நவாரா 1955-ல் கொண்டுவந்தது. கார்பன் சோதனையில் அந்த மரம் கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தது என்று வந்தது. பழுப்பு மண்ணில் கப்பல் வடிவத்தில் 160 மீட்டர் அளவு மேடு தெரிந்தால் அது துருபினார். அரராத் உச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, மண்ணும் பாறையும் இயற்கையாகச் சேர்ந்து அந்த உருவம் எடுத்த இடம்.